வழி கேட்டால் யாருக்கும் சொல்லும் ஸ்விட்ச்: வி-லேன், எல்எல்டிபி வந்த கதை

மீட்டிங் ரூமில் டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் வீடியோ கான்பரன்ஸ் பெட்டியின் நெட்வொர்க் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் இரண்டு வரிகள் கண்ணில் படும். ஒன்று, எல்எல்டிபி: ஆன் அல்லது ஆஃப். இன்னொன்று, வி-லேன் எண்: 1-லிருந்து 4094 வரை ஏதாவது ஒன்று. முதல் வரியை ஆன் செய்துவிட்டால் இரண்டாவதைத் தொடவே வேண்டாம், பெட்டி தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆன் பண்ணிட்டு எல்லாரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க.

இந்த இரண்டு வரிகளும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. படித்ததில் மனதில் நின்ற விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்குப் பல ஆபீஸ்களில் வி-லேனைப் பாதுகாப்புச் சுவர் மாதிரி நம்புகிறார்கள். ஆனால் அதை யோசித்தவர்கள் சுவர் கட்டவில்லை. நெரிசலைப் பிரித்துவிட ஒரு வழி தேடினார்கள். அந்த வி-லேனுக்குள் போக வழி சொல்லும் எல்எல்டிபியோ, கேட்பவர் யார் என்று விசாரிக்கவே விசாரிக்காது. தனித்தனியாக இரண்டுமே நல்ல ஏற்பாடுகள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து நம்பிக்கை கட்டும்போதுதான் சிக்கல்.

ஈதர்நெட்டில் குரல் அனுப்பப் போய்...

கதை 1980-களில் அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. டேவிட் சின்காஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் 1981 முதல் 1984 வரை ஈதர்நெட் வழியாகப் பேச்சுக் குரலை அனுப்பும் சோதனைகளில் இருந்தார். இன்று நமக்கு அது சாதாரணம். அன்றைக்கு டெலிபோன் என்றால் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பாதையை முழுசாக ஒதுக்கித் தருவது என்றுதான் அர்த்தம். குரலைத் துண்டு துண்டாக வெட்டி, கம்ப்யூட்டர்கள் பகிர்ந்துகொள்ளும் கேபிளில் அனுப்புவது விநோதமான யோசனை.

சோதனை வெற்றி. 1984 ஜனவரி 1-ஆம் தேதி ஏடி அண்ட் டி என்ற மாபெரும் டெலிபோன் கம்பெனி பிரிக்கப்பட்டது. பிரிந்துபோன வட்டாரக் கம்பெனிகளுக்குப் பொதுவான ஆராய்ச்சி நிறுவனமாக பெல்கோர் உருவானது. சின்காஸ்கி அங்கே சேர்ந்து அடுத்த கேள்வியைக் கையில் எடுத்தார்: இரண்டு பேர் பேச முடிகிறது, சரி. ஒரு ஊரே பேச வேண்டுமானால்?

அங்கேதான் இடித்தது. அன்றைய ஈதர்நெட்டின் வேகம் வினாடிக்கு 10 மெகாபிட். ஒரு போன் அழைப்புக்கு 64 கிலோபிட் போதும் என்பதால் இது பெரிய வேகம்தான். ஆனால் அந்த 10 மெகாபிட்டும் கேபிளில் இருக்கும் எல்லாருக்கும் சேர்த்து. டெலிபோன் வலைப்பின்னலில் ஒவ்வொரு இணைப்பும் மெதுவானது, மொத்தக் கொள்ளளவோ பிரம்மாண்டம். ஈதர்நெட்டில் இது தலைகீழ்.

பல ஈதர்நெட்டுகளைப் பிரிட்ஜ் என்ற கருவிகளால் இணைக்கலாம். (இன்றைய ஸ்விட்ச் அதன் வாரிசுதான்.) ஆனால் இணைப்பில் எங்காவது வட்டம் விழுந்துவிட்டால், எல்லாருக்கும் என்று அனுப்பப்படும் ஒரு செய்தி சுற்றிச் சுற்றியே வந்து நெட்வொர்க்கை மூச்சுத் திணற வைத்துவிடும். டெக் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் 1985-இல் இதற்கு ஒரு தீர்வு தந்தார். ஸ்பானிங் ட்ரீ என்று பெயர். பிரிட்ஜுகள் தங்களுக்குள் பேசி, வட்டம் உண்டாக்கும் இணைப்புகளை மூடிவிட்டு, மொத்த நெட்வொர்க்கையும் ஒரு மரமாக ஆக்கிக்கொள்ளும். இன்றும் புழக்கத்தில் இருக்கும் அருமையான தீர்வு. மரம் என்றால் வேர் உண்டு. போக்குவரத்தில் பெரும்பகுதி வேரை நோக்கியே குவியும். மூடிய கேபிள்கள் சும்மா கிடக்க, வேரில் இருக்கும் பிரிட்ஜ் திணறும்.

சின்காஸ்கியும் சேஸ் காட்டனும் இதற்குச் சொன்ன வழியை 1988-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரே கேபிள்கள் மேல் ஒரு மரத்துக்குப் பதில் பல மரங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் அது எந்த மரத்தைச் சேர்ந்தது என்று ஒரு சீட்டு. சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக்கு ஒரு வேர், பச்சைக்கு வேறு வேர். போக்குவரத்து பரவலாகப் பிரிந்துவிடும்.

வி-லேனின் கரு இதுதான். கவனியுங்க, இதில் யாரையும் உள்ளே விடக்கூடாது என்ற பேச்சே இல்லை. பேருந்து நிலையத்தில் தெற்கே போகிற பஸ்ஸுக்கு ஒரு வரிசை, மேற்கே போகிற பஸ்ஸுக்கு ஒரு வரிசை என்று பிரிப்பது மாதிரி.

வரிசை சுவரானது

1990-களில் ஸ்விட்சுகள் மலிவாகி ஆபீஸ்களுக்குள் வந்தன. நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒரே கூட்டமாக இருந்தால், ஒருவர் போடும் பிராட்காஸ்ட் எல்லார் காதிலும் விழும். எனவே துறைவாரியாகப் பிரிக்க ஒவ்வொரு கம்பெனியும் தன் பாணியில் சீட்டு ஒட்ட ஆரம்பித்தது. சிஸ்கோவின் ஐஎஸ்எல் முறை ஒவ்வொரு ஃபிரேமையும் 26 பைட் முன்னுரை, 4 பைட் பின்னுரை என்று உறை போட்டு அனுப்பியது. அடுத்த கம்பெனி ஸ்விட்சுக்கு அந்த உறை புரியாது.

1998-இல் ஐஇஇஇ அமைப்பு 802.1க்யூ என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. உறையெல்லாம் வேண்டாம், ஃபிரேமுக்குள்ளேயே 4 பைட் சீட்டு. அதில் 12 பிட் வி-லேன் எண்ணுக்கு. 12 பிட் என்றால் 4096 எண்கள். முதலும் கடைசியும் வேறு வேலைக்கு ஒதுக்கம் என்பதால் மிச்சம் 4094. செட்டிங்ஸ் மெனுவில் நீங்கள் பார்க்கும் அந்த 4094 இங்கிருந்து வந்ததுதான். இன்னொரு 3 பிட், முன்னுரிமைக்கு: 0 முதல் 7 வரை எட்டுப் படிகள்.

ஒரு வி-லேனில் இருப்பவர் இன்னொரு வி-லேனில் இருப்பவரை அடைய ரூட்டர் வழியாகத்தான் போக வேண்டும். ரூட்டரில் தடை போட்டால் போக முடியாது. இந்தப் பக்கவிளைவைப் பார்த்த நிர்வாகிகள் மெதுவாக அதையே முக்கியப் பயனாக எடுத்துக்கொண்டார்கள். வரிசை பிரிக்கக் கட்டிய கயிறு, ஆட்களின் மனதில் மதில் சுவராகிவிட்டது.

வீடியோ, தனி வழியிலிருந்து பொது வழிக்கு

இதே காலத்தில் வீடியோ கான்பரன்ஸ் வேறு உலகத்தில் இருந்தது. 1990-இல் வந்த எச்.320 தரத்தின்படி பெட்டிகள் ஐஎஸ்டிஎன் டெலிபோன் லைன்களில் பேசின. 64 கிலோபிட் லைன்கள் ஆறைச் சேர்த்தால் 384 கிலோபிட், ஓரளவு பார்க்கும்படியான படம் வரும். காசு அதிகம். ஆனால் ஒரு நிம்மதி: அழைப்பு முடியும்வரை அந்த லைன் உங்களுக்கே உங்களுக்கு.

1996-இல் எச்.323 தரம் வந்து, வீடியோ ஆபீஸ் லேனுக்கு இறங்கியது. லைன் செலவு மிச்சம். ஆனால் இப்போது பக்கத்து சீட்டில் யாரோ பெரிய ஃபைல் காப்பி செய்தால் உங்கள் படம் உறைந்து நிற்கும். ஃபைல் அரை வினாடி தாமதமாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பேச்சு அப்படியில்லை. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது ஐடியு அமைப்பின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, "நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க" என்று நிற்க வேண்டியதுதான்.

ஆக, குரலுக்கும் வீடியோவுக்கும் தனி வி-லேன், கூடவே அதிக முன்னுரிமை. குரலுக்கான ஆராய்ச்சியில் பிறந்த யோசனை சுற்றிக்கொண்டு குரலிடமே திரும்பி வந்தது!

இங்கே ஒரு நடைமுறைப் பிரச்சினை. பெட்டி தன் ஃபிரேம்களில் வி-லேன் எண்ணை ஒட்டி அனுப்ப வேண்டும். அந்த எண் அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பெட்டியிலும் ரிமோட்டை வைத்துக்கொண்டு கையால் தட்டலாம். பத்து ரூம் என்றால் சரி, இருநூறு ரூம் என்றால்? அதோடு, ஒரு கட்டடத்தில் 40 என்பது வீடியோ, அடுத்த கட்டடத்தில் 40 என்பது பிரிண்டர் என்று இருக்கும். பெட்டியைத் தூக்கி அங்கே வைத்தால் அது பிரிண்டர்களோடு போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு தந்திரம் டிஹெச்சிபி. பெட்டி முதலில் சாதாரண வி-லேனில் எழுந்து ஐ.பி. முகவரி கேட்கும். முகவரியோடு சேர்த்து "உன் வி-லேன் இது" என்று பதில் வரும். வாங்கிய முகவரியை விட்டுவிட்டு, புது வி-லேனில் மறுபடி முதலிலிருந்து கேட்கும். வேலை நடக்கும். ஆனால் எந்த டிஹெச்சிபி ஆப்ஷனில் அந்த எண் வரும் என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு வழக்கம்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்

இதற்கான விடை ஏற்கெனவே வேறு வேலை செய்துகொண்டிருந்தது. 1994-இல் சிஸ்கோவில் கீத் மெக்லோக்ரி, டினோ ஃபரினாச்சி இருவரும் சிடிபி என்ற சின்ன நெறிமுறையை உருவாக்கினார்கள். ஒவ்வொரு கருவியும் 60 வினாடிக்கு ஒருமுறை "நான் இன்னார், என் மாடல் இது, இந்தப் போர்ட்டிலிருந்து பேசுகிறேன்" என்று பக்கத்தில் இருப்பவருக்கு அறிவிக்கும். 180 வினாடி சத்தமே இல்லையென்றால் ஆள் போயாச்சு என்று மறந்துவிடும். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று நிர்வாகி தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான்.

1998-இல் சிஸ்கோ, செல்சியஸ் சிஸ்டம்ஸ் என்ற ஐ.பி. போன் கம்பெனியை வாங்கியது. பிறகு மேஜைக்கு மேஜை ஐ.பி. போன் வந்தபோது, ஸ்விட்ச் அனுப்பும் சிடிபி அறிவிப்பிலேயே "போனாக இருந்தால் உன் வி-லேன் எண் இது" என்ற வரியும் ஏறிக்கொண்டது. ஒரே கேபிளில் போன், போனுக்குப் பின்னால் கம்ப்யூட்டர். போன் சீட்டு ஒட்டி அனுப்பும், கம்ப்யூட்டர் சீட்டில்லாமல் அனுப்பும். யாரும் எதையும் தட்ட வேண்டியதில்லை.

சிஸ்கோ வீட்டுக்குள் மட்டும் இது சுகம். நார்டெல், ஃபவுண்ட்ரி, எக்ஸ்ட்ரீம் என்று ஒவ்வொருவரும் சொந்தமாக ஒன்று வைத்திருந்தார்கள். ஸ்விட்ச் ஒருவருடையது, போன் இன்னொருவருடையது என்றால் ஒருவர் மொழி அடுத்தவருக்குப் புரியாது. 2005-இல் ஐஇஇஇ 802.1ஏபி என்ற பொதுத் தரம் வந்தது. அதுதான் எல்எல்டிபி. 30 வினாடிக்கு ஒரு அறிவிப்பு, வழக்கமாக 120 வினாடி ஆயுள். அடுத்த ஆண்டே, 2006 ஏப்ரலில், அமெரிக்கத் தொலைத்தொடர்புத் துறைச் சங்கமான டிஐஏ, போன், வீடியோ கருவிகளுக்கான கூடுதல் பகுதியை டிஐஏ-1057 என்ற எண்ணில் வெளியிட்டது. எல்எல்டிபி-மெட் என்று சொல்வது இதைத்தான்.

மொத்த விஷயமும் 32 பிட்டில்

எல்எல்டிபி-மெட்டில் இருக்கும் நெட்வொர்க் பாலிசி என்ற பகுதியைப் பிரித்துப் பார்த்தால் எழுதியவர்களின் சிக்கனம் தெரியும். 8 பிட்: எந்த வகைப் பயன்பாடு. 1 பிட்: "எனக்கு இது தெரியாது, நீயே சொல்லு" என்ற கொடி. 1 பிட்: சீட்டு ஒட்டணுமா, வேண்டாமா. 1 பிட் காலி. 12 பிட்: வி-லேன் எண். 3 பிட்: முன்னுரிமை. 6 பிட்: டிஎஸ்சிபி, அதாவது ரூட்டரைத் தாண்டியும் பாக்கெட்டோடு கூடவே போகும் முன்னுரிமைக் குறி. கூட்டினால் 32 பிட், நான்கே பைட். ஒரு டெக்னீஷியன் ரூம் ரூமாகப் போய்த் தட்ட வேண்டியதெல்லாம் இதற்குள் அடங்கிவிட்டது.

நேரத்தையும் யோசித்திருக்கிறார்கள். 30 வினாடிக்கு ஒரு அறிவிப்பு என்றால், இப்போதுதான் செருகிய பெட்டி அதுவரை சும்மா இருக்காது. தப்பான வி-லேனில் முகவரி வாங்கி வேலையை ஆரம்பித்துவிடும். அதனால் மெட் தெரிந்த கருவி ஒன்று பேசியதைக் கேட்டவுடன், ஸ்விட்ச் வினாடிக்கு ஒன்று வீதம், வழக்கமாக மூன்று அறிவிப்புகளைச் சட்டென்று அனுப்பும். கருவி முதலில் பேசாதவரை ஸ்விட்ச் இந்த மெட் விவரங்களை வெளியே விடாது.

பயன்பாட்டு வகைகளின் பட்டியலும் சுவாரசியம். 1 என்றால் குரல். 2 குரலுக்கான சிக்னலிங். 6 என்றால் வீடியோ கான்பரன்ஸ். 7 ஸ்ட்ரீமிங் வீடியோ. 8 வீடியோ சிக்னலிங். ஆக 2006-லேயே மீட்டிங் ரூம் பெட்டிக்கென்று தனி எண் ஒதுக்கியாகிவிட்டது. நடைமுறையில் என்ன ஆச்சுன்னா, பரவலாக இருக்கும் பல ஸ்விட்சுகளின் கட்டளைகளில் 1-க்கும் 2-க்கும் மட்டும்தான் இடம் தந்தார்கள். போன் விற்ற காலம் அது. வீடியோ பெட்டி கட்டடத்துக்கு ஒன்றோ இரண்டோ. அதனால்தான் இன்றும் ஒரு பெட்டி வி-லேனைக் கண்டுபிடிக்காமல் முழித்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: பெட்டி எந்த எண்ணுக்கான பதிலை எதிர்பார்க்கிறது, ஸ்விட்ச் எந்த எண்ணுக்குப் பதில் சொல்கிறது?

"மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?"

இனி ஆரம்பத்தில் சொன்ன சிக்கலுக்கு வருவோம். கல்யாண மண்டப வாசலில் ஒருவர் நின்று, "மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்டு இடம் காட்டுவார். "மாப்பிள்ளை வீடு" என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கம் கை காட்டுவார். பத்திரிகையைக் காட்டு என்று கேட்க மாட்டார். கல்யாணத்தில் அது மரியாதை.

எல்எல்டிபியும் சிடிபியும் இப்படித்தான். "நான் போன்", "நான் வீடியோ பெட்டி" என்று சொன்னால் ஸ்விட்ச் வி-லேன் எண்ணைத் தந்துவிடும். சொல்வது உண்மையில் பெட்டியா, பெட்டி மாதிரி நடிக்கும் லேப்டாப்பா என்று சோதிக்கும் வழி அந்த நெறிமுறைக்குள் கிடையாது. வாய்ப் ஹாப்பர் என்ற இலவசக் கருவி இதைத்தான் செய்து காட்டியது: லேப்டாப்பைப் போன் மாதிரி பேசவைத்துக் குரல் வி-லேனுக்குள் நுழைவது. போதாக்குறைக்கு, சில ஸ்விட்சுகளில் சிடிபியில் போன் என்று அறிமுகம் செய்துகொண்டாலே, 802.1எக்ஸ் என்ற அடையாளச் சோதனை இல்லாமல் குரல் வி-லேனுக்குள் விடும் வழக்கமும் இருந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி ஆர்மிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், சிஸ்கோ கருவிகள் சிடிபி செய்திகளைப் படிக்கும் விதத்தில் ஐந்து ஓட்டைகளை வெளியிட்டது. ஐந்தில் நான்கு, கருவியையே கைப்பற்ற விடுபவை. ஸ்விட்ச், ரூட்டர், ஐ.பி. போன், கேமரா எல்லாம் பட்டியலில் இருந்தன. அதே கேபிள் வட்டத்துக்குள் நுழைந்த ஒருவர் தப்பான அறிவிப்பு ஒன்றை அனுப்பினால் போதும். சிஸ்கோ அன்றே திருத்தங்களை வெளியிட்டது. ஆனால் அந்த ஆராய்ச்சி சொன்னது முக்கியம்: ஸ்விட்சே கையை விட்டுப் போனால், அதன் மேல் போட்ட வி-லேன் பிரிவினையும் சேர்ந்தே போகும்.

அது வெளியான சில வாரங்களில் உலகமே வீட்டுக்குள் முடங்கி, வீடியோ கூட்டங்களுக்கு மாறியது. ஆபீஸ் திறந்த பிறகு ரூமுக்கு ரூம் கேமரா, மைக். இயக்குநர் குழு பேசுவதை, டாக்டர் நோயாளியிடம் பேசுவதைக் கேட்கும் காதுகள் அவை. 1994-இல் கேபிள் எங்கே போகிறது என்று பார்க்க வந்த ஒரு நெறிமுறையின் வழக்கத்தில்தான் அந்தக் காதுகள் இருக்கும் இடம் முடிவாகிறது.

அப்போ என்ன செய்யலாம்?

எல்எல்டிபியை அணைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கையால் தட்டுவதில் வரும் தவறுகள் இதைவிட அதிகம். ஒவ்வொன்றுக்கும் அதன் வேலையை மட்டும் கொடுத்தால் போதும்.

முதலில், தானியங்கிக் கண்டுபிடிப்பு எங்கே தேவை என்று பாருங்கள். பெட்டிக்கென்றே ஒரு போர்ட், அது நகரப் போவதில்லை என்றால், அந்தப் போர்ட்டையே நேராக வீடியோ வி-லேனில் போட்டுவிடலாம். பெட்டி சீட்டு ஒட்டவே வேண்டாம். ஆனால் யாரோ அந்தக் கேபிளைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகினால், லேப்டாப்பும் வீடியோ வி-லேனுக்குள் வந்துவிடும். எல்எல்டிபி முறையில் சாதாரண லேப்டாப் சாதாரண வி-லேனுக்கே போகும், வேண்டுமென்றே நடிப்பவர் மட்டும் உள்ளே வருவார். எந்த ஆபத்து உங்கள் இடத்தில் அதிகம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, யார் என்று கேட்கும் வேலையை 802.1எக்ஸிடம் கொடுங்கள். 2001-இல் வந்த தரம் அது. பெட்டியில் சான்றிதழ் ஏற்றினால், அடையாளம் நிரூபித்த பிறகே போர்ட் திறக்கும். வழி சொல்வது எல்எல்டிபி, ஆள் பார்ப்பது 802.1எக்ஸ்.

மூன்றாவது, வீடியோ வி-லேனிலிருந்து எங்கெல்லாம் போகலாம் என்பதை ரூட்டரில், ஃபயர்வாலில் எழுதிவையுங்கள். அந்த வரிகள்தான் நிஜமான சுவர். அவை இல்லாவிட்டால் வி-லேன் வெறும் கயிறுதான். எல்எல்டிபியும் சிடிபியும் தேவைப்படாத போர்ட்டுகளில் அவற்றை நிறுத்திவிடுங்கள். ஸ்விட்ச், பெட்டி இரண்டின் மென்பொருளையும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

முன்னுரிமையையும் மறக்க வேண்டாம். குரலுக்கு டிஎஸ்சிபி 46, வீடியோ கான்பரன்சுக்கு 34 என்ற வழக்கம் 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4594 ஆவணத்திலேயே இருக்கிறது. பெட்டி சரியான வி-லேனில் இருந்தும் படம் உறைகிறது என்றால், வழியில் இருக்கும் ஸ்விட்சுகள் இந்தக் குறியை மதிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சின்காஸ்கி பெல்கோரில் கையில் எடுத்த கேள்வியும் இதுவேதான்: பலர் பகிரும் கேபிளில் ஒருவர் குரல் நேரத்துக்குப் போய்ச் சேருவது எப்படி? வி-லேன் அந்தக் கேள்விக்கு வந்த பதில். யாரை உள்ளே விடுவது என்ற கேள்விக்குப் பதிலை அதனிடம் தேடாதீர்கள். அதற்கு வேறு பூட்டுதான் போட வேண்டும்.